பயந்தாங்கொள்ளிக்கு ஒரு வீடு

பத்துமலையின் 272 படிகளில் ஏறுகிறவர்கள் மேல் குகையை அடையும் முன், நடுவழியில் பிரிந்துபோகும் ஒரு பாதையைக் கடந்துதான் போகிறார்கள். சில ஆண்டுகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டுக் கிடந்த இருட்டுக் குகைக்கான வழி அது. தைப்பூசத்தன்று லட்சக்கணக்கான கால்கள் அந்தப் பாறையின் மேல் ஏறி இறங்க, உள்ளே ஈரச் சுவரில் பட்டுநூலால் குழாய் கட்டி, அதற்கு ஒரு கதவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது ஒரு சிலந்தி. வாசலிலிருந்து நாலாபக்கமும் நூல்களை இழுத்துக் கட்டியிருக்கும். பூச்சி ஒன்று நூலில் கால் வைத்தால் கதவைத் தூக்கிக்கொண்டு பாயும். அதைவிடப் பெரிதாக ஏதாவது வந்தால் கதவை மூடிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும்.

லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று மலையின் பெயரையே அதற்கு வைத்தவர் எச். சி. ஆபிரகாம். ஆண்டு 1923. அடுத்த ஆண்டே அவர் இன்னொரு சிலந்தியையும் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். உள்ளங்கையைத் தாண்டும் கால்விரிப்பு, பெண்ணுக்கு ஊதா கலந்த நீலக் கால்கள், மரப்பொந்தில் வாசம். இன்று உலகெங்கும் பிராணி வளர்ப்பவர்கள் 'சிங்கப்பூர் புளூ' என்று தேடி வாங்கும் டாரண்டுலா அதுதான். அறிவியல் பெயர் ஓமோதைமஸ் வயலேசியோபெஸ்.

முதலாவது டாரண்டுலா அல்ல. வயிற்றின் மேல் இன்னும் பட்டை பட்டையாகத் தகடுகள் தாங்கிநிற்கும் மிகப் பழைய குலத்தைச் சேர்ந்தது. இரண்டாவது அசல் டாரண்டுலா. ஆனால் சுபாவம் என்று பார்த்தால் இரண்டும் ஒரே பள்ளிக்கூடம்: முதலில் ஒளிந்துகொள், முடியாவிட்டால் ஓடு, ஓடவும் இடமில்லை என்றால் மட்டும் கடி.

இந்த வரிசை தெரியாமல் டாரண்டுலா வாங்குகிறவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் குறைவில்லை. அயல் பிராணிகள் விற்கும் கடைகளிலும் சமூக ஊடகக் குழுக்களிலும் சிலந்திகளுக்கு இரண்டே குணங்கள்தான் உண்டு. ஒன்று 'சாது', இன்னொன்று 'கோபக்காரன்'. நீலக் கால்காரியும், மியன்மார், தாய்லாந்துப் பக்கத்துக் கோபால்ட் நீலச் சிலந்தியும், ஆப்பிரிக்காவின் ஆரஞ்சு நிற பபூன் சிலந்தியும் இரண்டாவது பட்டியலில் சேர்க்கப்பட்டுவிடும். அந்தப் பட்டியலே தவறு. சிலந்தியிடம் இருப்பது கோபம் அல்ல, பயம். அந்தப் பயம் எவ்வளவு வெளியே தெரியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நாம் அதைப் போட்டுவைக்கிற பெட்டி.

எட்டுக் கண் இருந்தும் டாரண்டுலாவுக்குப் பார்வை மட்டம். வெளிச்சம், நிழல், அசைவு என்ற அளவில் தெரியும். வளர்ப்பவரின் முகமெல்லாம் தெரியாது. அதன் உலகம் கால்கள் வழியாக வருகிறது. கால்களில் உள்ள மெல்லிய உணர்முடிகள் காற்றின் சின்ன அசைவையும் பிடித்துவிடும்; மூட்டுகளை ஒட்டிய நுண்ணிய பிளவுகள் தரையின் அதிர்வை அளக்கும். மூடியைத் திறந்து ஆசையாகக் குனிந்து பார்க்கும்போது வளர்ப்பவர் விடும் மூச்சு இருக்கிறதே, அதுதான் அதற்குப் பேரிடி. வெதுவெதுப்பான ஈரக்காற்று திடீரென்று மேலே படுவதென்றால் ஏதோ ஒரு பாலூட்டி மோப்பம் பிடித்துவிட்டது என்றுதான் பொருள். அடுத்த நொடி சிலந்தி இருந்த இடத்தில் இருக்காது.

ஓட வழியில்லை என்றால்தான் முன்னங்கால்களை உயர்த்தி, விஷப்பற்களை விரித்து நிற்கும். சில ஆசிய வகைகள் உடல் உறுப்புகளை ஒன்றோடொன்று உரசி 'உஸ்' என்று ஒலியும் எழுப்பும். இணையத்தில் அதிகம் பகிரப்படும் படங்கள் இந்த நிலையில் எடுக்கப்பட்டவைதான். அந்தப் படத்துக்காகவே குச்சியால் சீண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒளிய இடம் இல்லாமல் செய்துவிட்டு, எதிர்த்து நிற்பதைப் படமெடுத்து 'முரடன்' என்று தலைப்புப் போடுவதில் என்ன பெருமை இருக்கிறதோ தெரியவில்லை.

அமெரிக்கக் கண்டத்து வகைகளுக்கும் நம் பக்கத்து வகைகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மெக்சிகோ, சிலி, பிரேசில் நாட்டு டாரண்டுலாக்களில் பெரும்பாலானவை வயிற்றில் அரிப்பு முடிகளைச் சுமக்கின்றன. ஆபத்தென்றால் பின்னங்காலால் அதைத் தேய்த்துக் காற்றில் பறக்கவிட்டுவிட்டு நிதானமாக நகர்ந்துவிடும். ஆசிய, ஆப்பிரிக்க வகைகளுக்கு இந்த ஆயுதமே இல்லை. மிச்சம் இருப்பது வேகமும் கடியும்தான். மலேசியக் காட்டு டாரண்டுலாக்கள் அனைத்தும் இந்தக் கட்சி. அமெரிக்கக் கண்டத்திலேயே சல்மோபியஸ் என்ற மரவாழ் பேரினத்துக்கு அரிப்பு முடி கிடையாது. அதனால்தான் அதுவும் மின்னலாக ஓடுகிறது.

'சாது' என்ற பெயரை நம்பி ஏமாறவும் கூடாது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 29 வயது இளைஞர் ஒருவர் தன் சிலி ரோஸ் டாரண்டுலாவின் கண்ணாடித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது முடிகளைத் தூவிவிட்டது. வாரக்கணக்கில் கண் சிவந்து நீர் வழிய மருத்துவமனைக்குப் போனவரின் கருவிழியில் அந்த முடிகள் குத்தி நின்றதை மருத்துவர்கள் கண்டார்கள். 'தி லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. சிலி ரோஸ், புதிதாக வளர்ப்பவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வகைகளில் ஒன்று.

கடியால் மனிதர் யாரும் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. அதற்காக அலட்சியமும் வேண்டாம். இந்தியா, இலங்கைக் காடுகளின் பீசிலோத்தீரியா வகை கடித்தால் வலி போன பிறகு, மணிக்கணக்கில் தாமதித்துக்கூட, கடுமையான தசைப்பிடிப்பு வரலாம். இதற்கென்று தனி முறிமருந்து கிடையாது, அறிகுறிகளுக்குத்தான் வைத்தியம்.

வேகத்துக்கு வருவோம். டாரண்டுலாவின் காலை மடக்குவதற்குத் தசை உண்டு. முக்கிய மூட்டுகளை நீட்டுவதற்கு இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டதும் ரப்பர் குழாய் விறைத்து நிமிர்வதைப் போல, உடல் திரவத்தின் அழுத்தம்தான் காலை நீட்டுகிறது. 2015ல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் டெக்சாஸ் பழுப்பு டாரண்டுலாக்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சூடு ஏற ஏற ஓட்டம் வேகமானது. ஆனால் மூட்டுகளுக்கிடையே இருந்த ஒத்திசைவு குறைந்தது. கோலாலம்பூரின் பிற்பகல் 32, 33 டிகிரியில் மூடியைத் திறக்கிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பராமரிப்பு வேலைக்குக் காலைக் குளிர்ச்சியே ஏற்றது.

அதே திரவ அழுத்தம்தான் அதன் பலவீனமும். வயிறு மெல்லிய பைதான். உயரத்திலிருந்து விழுந்து அது கிழிந்தால், திரவம் கசிந்து, காலை நீட்ட முடியாமல் சிலந்தி செத்துப்போகும். கையில் ஏந்திக்கொண்டு நிற்கும்போது அது திடீரென்று ஓடினால் மனிதருக்கு ஆபத்து குறைவு. தரை ஓடு அதற்குத்தான் எமன்.

இனி வீடு.

தரையில் நடமாடும் கனத்த வகைகளுக்கு உயரம் ஆகாது. மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையே அதன் கால்விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி இருந்தால் ஏறி விழும். ஒரு மூலையில் பாதியாக உடைத்த சிரட்டை, ஒரு தண்ணீர்க் கிண்ணம், கால்வாசிப் பெட்டிக்கு மண். அவ்வளவுதான். இந்த வகைகளில் குழப்பம் குறைவு.

சிக்கல் தொடங்குவது வளை தோண்டும் ஆசிய வகைகளில். கோபால்ட் நீலச் சிலந்தியை இரண்டு அங்குலம் தென்னைநார்த் தூள் பரப்பிய அலங்காரத் தொட்டியில் விட்டால், அது நாள் முழுவதும் மூலையில் குறுகி நிற்கும். தண்ணீர் ஊற்றப்போனால் பாயும். அதே சிலந்திக்கு 20 செ.மீ. ஆழத்துக்கு, அழுத்திக் கெட்டித்த ஈர மண் கொடுத்து, விரலால் ஒரு தொடக்கக் குழியும் போட்டுக் கொடுத்தால் சில நாளில் கீழே இறங்கிவிடும். வளைக்குள் இருக்கும் சிலந்தி எதிர்த்து நிற்பது அபூர்வம். நிழல் பட்டாலே கீழே போய்விடும். கடையில் கண்ட முரட்டுத்தனம் எங்கே போயிற்று என்று உரிமையாளர் வியப்பார். தனித் தென்னைநார்த் தூளில் சுரங்கம் சரிந்துவிடும் என்பதால் கொஞ்சம் களிமண் கலந்த மேல்மண்ணைச் சேர்ப்பார்கள். சுங்கை பூலோ நாற்றங்கால்களில் இரண்டும் கிடைக்கும். உரம், பூச்சிமருந்து கலக்காததா என்று கேட்டு வாங்கவேண்டும்.

நம் ஊர் நீலக்காலுக்கு வேறு கணக்கு. வளர்ந்த பெண்ணுக்கு 30 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி போதும். உள்ளே சாய்த்து நிறுத்திய கார்க் மரப்பட்டை, அதன் மேல்வாயை மறைக்கும் செயற்கை இலைக்கொத்து, அடியில் ஒரு சாண் மண். மரவாழ் சிலந்திக்கு எதற்கு அவ்வளவு மண் என்று தோன்றும். குட்டிப் பருவத்தில் இவை பெரும்பாலும் மண்ணிலேயே ஒளிகின்றன. வளர்ந்த பிறகும் பட்டைக்குப் பின்னால் அடிவரை குழாய் கட்டி இறங்குவதுண்டு.

கதவு எந்தப் பக்கம் என்பது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. மரவாழ் சிலந்திகள் தொட்டியின் மேற்புறத்தில்தான் வலை பின்னுகின்றன. மேல்மூடியைத் திறந்தால் அதன் கூரையையே பிய்த்ததாகிவிடும்; வெளியே குதித்து ஓட அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. முன்பக்கம், அதுவும் பாதி உயரத்துக்குக் கீழே திறக்கும் கதவு நல்லது. கம்பிவலை மூடி வேண்டவே வேண்டாம். காலின் நுனி நகங்கள் வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டு, இழுத்த இழுப்பில் காலே கழன்றுவிடுவதுண்டு. அக்ரிலிக் பலகையில் வரிசையாகத் துளை போட்டால் போதும்.

வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்துவிட்டு வெப்பமூட்டும் பட்டையை வாங்குகிறவர்கள் இங்கே பணத்தை வீணாக்குகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் இரவு 24 டிகிரி, பகல் 32. காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. தீபகற்பத்துச் சிலந்திக்கு இதைவிடப் பொருத்தமான வானிலை ஏது? இங்கே தொல்லை எதிர்த்திசையில் வருகிறது. காற்றோட்டமில்லாத பெட்டியில் ஈரம் தேங்கிப் பூஞ்சணமும் உண்ணியும் பெருகும். மார்ட்டினிக் தீவின் பல வண்ணச் சிலந்தி போன்ற மரவாழ் வகைகள் புழுங்கும் பெட்டியில் தாக்குப்பிடிக்காது. எதிரெதிர்ப் பக்கங்களில் துளை போட்டுக் காற்று ஊடுருவிப் போகும்படி செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஏர்கோன் இரவெல்லாம் ஓடும் அறையில் காற்று வறண்டுவிடும். தண்ணீர்க் கிண்ணம் காயாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மேற்குப் பார்த்த கொண்டோ சன்னல் பக்கம் கண்ணாடித் தொட்டியை வைத்தால் ஒரே பிற்பகலில் சிலந்தி வெந்துவிடும்.

கையேடுகளில் இல்லாத ஆபத்துகள் இன்னும் சில இந்த ஊருக்கே உரியவை. டிங்கிக் கொசுவுக்காகக் குடியிருப்புகளில் புகை அடிப்பார்கள். கொசுவைக் கொல்வதற்கென்று கலக்கிய மருந்து எட்டுக்கால் பூச்சியை மட்டும் விட்டுவைக்காது. அறிவிப்பு வந்ததும் பெட்டிகளை உள்ளறைக்கு மாற்றி, கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்து, புகை முழுக்க அடங்கிய பிறகே திறக்கவேண்டும். வீட்டில் கொளுத்தும் கொசுவத்திச் சுருளும், கரப்பானுக்கு அடிக்கும் தெளிப்பானும் அதே வகை. எறும்பு இன்னொரு எதிரி. பாதி தின்ற சுவர்க்கோழி ஒன்று பெட்டியில் கிடந்தால் போதும், இரவோடு இரவாக வரிசை வந்துவிடும்; தோலுரிக்கும் சிலந்தியால் எறும்பை எதிர்க்க முடியாது. அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிற பழைய சமையலறை உத்தி இங்கேயும் உதவும்.

பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடத்தில், துன் சம்பந்தன் சாலைக்கு மேலே மோனோரயில் ஓட, கீழே தீபாவளிச் சந்தை ஒலிபெருக்கி அலற, அதிர்வே இல்லாத மூலையைத் தேடுவது சிரமம்தான். குளிர்சாதனப் பெட்டியின் தலையிலும் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலும் ஒலிபெருக்கி வைத்த மேசையிலும் வைக்காமல் இருந்தால் அதுவே பெரிது. சுவரோடு சேர்த்து முடுக்கிய கனமான தாழ்வான அலமாரி நல்லது.

பெட்டி மாற்றும் நாள்தான் விபத்து நாள். அனுபவமுள்ளவர்கள் அதைக் குளியலறைத் தரையில் செய்கிறார்கள். முதலில் தரைச் சாக்கடைத் துளையை அடைக்கவேண்டும். இதை மறந்தவர்கள் சிலந்தியைப் பிறகு பார்த்ததில்லை. பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் வைத்து, மென்மையான தூரிகையால் பின்னங்காலை லேசாகத் தொட்டால் அது தானே முன்னேறும். துரத்தக்கூடாது. கையெட்டும் தூரத்தில் ஓர் ஒளிபுகும் டப்பா இருக்கவேண்டும். ஓடினாலும் பாய்ந்து பிடிக்காமல், அது நின்றதும் டப்பாவைக் கவிழ்க்கவேண்டும். பயந்த சிலந்தி மாரத்தான் ஓடாது. சில நொடி வெறியோட்டம், பிறகு ஏதாவது ஒரு மூலையில் உறைந்து நிற்கும்.

சட்டத்தையும் பார்த்துவிடவேண்டும். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 716ஆவது சட்டம், நடைமுறையில் இருக்கிறது. 2022ல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கூட்டியதோடு இணைய விளம்பரங்களையும் பிடிக்குள் கொண்டுவந்தது. எந்த வகைக்கு உரிமம் தேவை என்பதை வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையிடம் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். விற்பவரின் வாய்மொழி உறுதி சோதனை நாளில் எடுபடாது.

காட்டில் பிடித்ததா, பெட்டியில் பிறந்ததா என்ற கேள்வி சுபாவத்தோடும் சேர்ந்தது. காட்டிலிருந்து பிடுங்கிவந்த வளர்ந்த சிலந்தி, உடலுக்குள் ஒட்டுண்ணி ஈயின் புழுவைச் சுமந்து வரலாம். இடமாற்ற அதிர்ச்சியில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கலாம். பெட்டியில் பிறந்த குட்டி அப்படியல்ல. சரவாக்கின் மின்நீலக் கால் சிலந்திக்கு 2019ல் பீருபெஸ் சிமோரோக்ஸிகோரம் என்று இங்கிலாந்தில் பெயரிட்டார்கள். அது உரிய அனுமதியின்றி நாட்டைவிட்டு எடுத்துச் செல்லப்பட்டது என்ற குற்றச்சாட்டு அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழ் வரைக்கும் போனது. அறிவியலுக்குப் பெயர் தெரிவதற்கு முன்பே வளர்ப்பவர்களின் கைக்கு அது போயிருந்தது.

தமிழ் நிலத்துச் சிலந்திகளுக்கும் கதை உண்டு. இன்று உலகம் முழுவதும் வளர்க்கப்படும் பீசிலோத்தீரியா ரீகாலிஸ், 1899ல் போகாக் என்ற ஆங்கிலேயர் அரக்கோணத்து மாதிரியை வைத்து விவரித்தது. ராமேசுவரத்துக்கே உரியது என்று 2004ல் அறிவிக்கப்பட்ட அனுமவிலாசுமிக்கா வகை, அங்குள்ள அனுமன் கோயில் ஒன்றின் தோப்பிலிருந்து பெயர் பெற்றது. பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் தென்பட்டது. 2009ல் இலங்கையின் மாங்குளத்து மக்கள் கொண்டுவந்து கொடுத்த ஓர் இறந்த ஆண் சிலந்தியிலிருந்து தொடங்கிய தேடல், 20 செ.மீ. கால்விரிப்புள்ள பீசிலோத்தீரியா ராஜேய் வகையில் முடிந்தது. பழைய மரங்கள் வெட்டுப்பட்டதும் அது கட்டடங்களுக்குள் வரத் தொடங்கியது. மாங்குளம் மருத்துவமனையின் பழைய மருத்துவர் விடுதியிலும் ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள். பொந்து போனால் இன்னொரு பொந்தைத் தேடுகிறது, வேறொன்றும் இல்லை. 2019ல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாடு பீசிலோத்தீரியா பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. எல்லை தாண்டி அவற்றை விற்கவும் வாங்கவும் இப்போது ஆவணம் கட்டாயம்.

நல்ல பெட்டி அமைத்தவருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. சிலந்தியைப் பார்க்கவே முடியாது. முன்னூறு, நானூறு ரிங்கிட் கொடுத்து வாங்கியதன் அடையாளமாக ஒரு தொட்டி மண்ணும், அதில் ஒரு துளையும் மட்டுமே வரவேற்பறையில் இருக்கும். வந்த விருந்தாளிக்குக் காட்ட எதுவும் இல்லை. காட்சிக்காகத்தான் வேண்டும் என்கிறவர்கள் மெக்சிகோவின் செம்முட்டிச் சிலந்தி போல வெளியே உட்காரும் வகையை வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. ஆசிய வகைகள் இரவில், விளக்கணைத்து நெடுநேரம் ஆன பிறகு வாசலுக்கு வரும். மங்கலான சிவப்பு விளக்கில் ஓரமாக நின்றால் முன்கால் நுனிகள் தெரியக்கூடும்.

பொறுமையில்லாதவர்கள் செய்யும் காரியம் ஒன்றுண்டு: தோண்டிப் பார்ப்பது. தோலுரிக்கும் காலம் நெருங்கினால் சிலந்தி வளையின் வாயை மண்ணாலும் பட்டாலும் அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வெளியே வராது. உள்ளே அது மல்லாந்து கிடந்து பழைய ஓட்டிலிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டிருக்கும். விஷப்பற்கள்கூட அப்போது வெள்ளையாக, மென்மையாக இருக்கும். அந்த நேரத்தில் கரண்டியைவிட்டுத் தோண்டினால் ஒரு கால் போகும், அல்லது உயிரே போகும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கிண்ணத்தில் தண்ணீர், மண்ணில் ஒரு பக்கம் ஈரம், உயிருள்ள இரை ஒன்றும் உள்ளே இல்லாமல் பார்த்துக்கொள்வது. வாய் மறுபடி திறந்த பிறகும் பெரிய சிலந்தியானால் பத்து நாளாவது பொறுத்து, பற்கள் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பறவைக் கடையில் 'செங்கெரிக்' என்று கேட்டு வாங்கிய சிறிய சுவர்க்கோழி ஒன்றை நீண்ட இடுக்கியால் வாசலில் விடலாம். மறுநாள் காலையில் அது தீண்டப்படாமல் கிடந்தால் எடுத்துவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.